லண்டனில் முன்பின் தெரியாத ஒரு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சொந்த இடம் தருமபுரம். கிளிநொச்சியில் ஒரு பெண்கள் அமைப்பில் வேலை. லண்டனில் நடக்கும் ஒரு பயிற்சிக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பயிற்சி நாள்களுக்குத் தங்குமிடம் அவர்கள் தருவார்கள். அது முடிந்தபிறகு ஒரு கிழமை நின்று ஊர் பார்த்துவிட்டு வர எனக்கு ஆசை. ஹோட்டலுக்குக் கொடுக்கக் காசில்லை. ஹரோவில் மாமி வீடு இருக்கிறது. ஆனால் அங்கே நின்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடும் கலியாண வீடியோவுமாகவே கிழமை முடிந்துவிடும். கவுச்சர்ஃபிங் என்று ஒரு இணையத்தளம் இருக்கிறது, அதன்மூலம் தெரியாதவர்கள் வீட்டில் காசில்லாமல் தங்கலாம் என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். "சொந்தம் இருக்கப் பிறத்தியாற்ற வீட்டில போய்ப் படுக்கிறதோ? எங்களுக்கென்ன நாதியில்லையோ?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இது இரந்து தங்குவதா? ஒரு பெண் தனியே போகலாமா? அப்படித் தங்கினால் நாங்களும் வருகிறவர்களை வைத்துப் பார்க்கவேண்டுமா? எங்கள் வீட்டில் குளிப்பு கிணற்றடியில்தான்.

ம., தருமபுரம்

*

அன்புள்ள ம.,

போங்கள். தங்குங்கள். ஆனால் காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால், மாமி வீட்டிலும் காசில்லைத்தானே. நீங்கள் தேடுவது வேறொன்று என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

உறவினர் வீட்டில் நிற்கும்போது நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடுவதே இல்லை. அங்கே பேசப்படுவது எங்கள் ஊர், சமைக்கப்படுவது எங்கள் சாப்பாடு, விசாரிக்கப்படுவது எங்கள் ஆட்கள். அதில் பிழையில்லை. புலம்பெயர்ந்த வீடுகள் அப்படி இருப்பதால்தான் எத்தனையோ பேர் அங்கே உயிர் தாங்கி நின்றார்கள். ஆனால் அந்த வீட்டு ஜன்னலால் லண்டனைப் பார்க்க ஏலாது.

நான் லண்டனுக்குப் போனபோது வோல்தம்ஸ்ரோவில் ஒரு ஓய்வுபெற்ற தாதியின் வீட்டில் தங்கினேன். ஒரு சின்ன அறை, யன்னலுக்கு அப்பால் ரெயில் தண்டவாளம். அவர் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போன இடம் அரண்மனையுமில்லை, கோபுரப் பாலமுமில்லை. நகரசபை குத்தகைக்குக் கொடுக்கும் ஒரு துண்டுத் தோட்டக்காணி. அங்கே அதை அலொட்மென்ற் என்பார்கள். வளவில்லாத வீடுகளில் இருப்பவர்கள் அதற்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர் போஞ்சிக்குத் தடி நட்டிருந்தார். உருளைக்கிழங்குப் பாத்தியில் மண் அணைத்திருந்தார். பக்கத்துத் துண்டில் ஒரு ஜமேக்காக்காரர் பூசணிக்கொடி படரவிட்டிருந்தார். தண்ணீர்ப் பீப்பாவில் மழைத்தண்ணீர். நான் மாங்குளத்தில் இருந்து போனவள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் ஆட்களோடு கதைக்கத் தொடங்குவேன். அன்று பின்னேரம் முழுவதும் அந்தக் காணியில் நின்றேன். லண்டன் எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஒரு வீட்டுக்காரர் சொல்லித் தருவது இப்படிப்பட்டதைத்தான். நிலத்தடி ரெயிலை விடுங்கள், மாடிப் பஸ்ஸின் மேல்தட்டில் முன்னிருக்கையில் இருங்கள் என்பார். பஸ்ஸில் முதல் தரம் கட்டண அட்டையைக் கருவியில் தொட்டதில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான். இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் சொல்லும்போது எந்தத் தரிப்பில் இறங்கவேண்டும், எந்தக் கடையில் தேத்தண்ணி நல்லது என்பதும் சேர்ந்து வரும்.

அங்கே தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. பிரித்தானிய அருங்காட்சியகம் அதற்கு முன்பிருந்தே இலவசம். இதன் பெறுமதி காசில் இல்லை. காசு கொடுத்து உள்ளே போனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கவேண்டும் என்று கால் நோக நடப்போம். இலவசம் என்றால் அரை மணித்தியாலம் ஒரே சிலைக்கு முன்னால் நின்றுவிட்டு வெளியே வரலாம், நாளைக்குத் திரும்பிப் போகலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலை இருக்கிறது. பொன்பூச்சு வெண்கலம், ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டு, ஒரு பெண்ணின் உயரத்துக்குக் கிட்ட. எங்கள் கிழக்குக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எடுத்தது என்கிறார்கள். தேசாதிபதியாக இருந்த பிரவுன்றிக் 1830இல் அதை அங்கே கொடுத்தார். கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது இங்கே ஆட்சியில் இருந்தவர் அவர்தான். அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கோபமும் வந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. இரவு அந்தத் தாதியிடம் இதைச் சொன்னேன். தான் பலதரம் அதைக் கடந்து போயிருப்பதாகவும், எங்கிருந்து வந்தது என்று வாசித்துப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நாங்கள் நெடுநேரம் கதைத்தோம். ஹோட்டல் அறையில் நான் இதை யாரிடம் சொல்லியிருப்பேன்?

ஆகவே இது இரத்தல் இல்லை. இதற்கு ஒரு விலை இருக்கிறது, அது உங்கள் நேரம். காலையில் வெளிக்கிட்டு நடுச்சாமத்தில் வந்து படுத்து எழும்பிப் போவதென்றால் தயவுசெய்து ஹொஸ்ரலுக்கு, அதாவது பயணிகளின் மலிவு விடுதிக்கு, போங்கள். உங்களைக் கூப்பிடுகிறவர் உங்கள் கதை கேட்க ஆசைப்பட்டுத்தான் கூப்பிடுகிறார். இராச்சாப்பாட்டுக்கு வீட்டில் நில்லுங்கள். ஒருநாளாவது சமையுங்கள். தகரத்தில் தேங்காய்ப்பால் எங்கும் கிடைக்கும். சொதி வைக்கலாம், பருப்பு வைக்கலாம். தாளிக்க முன் சமையலறை யன்னலைத் திறந்துவிடுங்கள். செத்தல் மிளகாய்ப் புகைக்கு அந்த வீடுகளின் புகை எச்சரிக்கைக் கருவி உடனே அலறும். அன்பளிப்பாக முருகண்டிக் கச்சான் கொண்டுபோவதென்றால் முதலே கேளுங்கள், அங்கே பலருக்குக் கச்சான் ஒவ்வாது. பனங்கட்டிக் குட்டான் நல்லது.

உங்கள் அம்மாவின் சொல்லுக்கு வருகிறேன். அதைத் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி வந்ததே, தென்மராட்சியாலும் கிளாலிக் கடலாலும் வன்னிக்குள் வந்த சனம் எங்கே படுத்தது? பள்ளிக்கூடங்களில், கோயில் மண்டபங்களில், பிறகு முன்பின் தெரியாதவர்களின் வளவுகளில். ஒரு வளவுக்குள் நாலைந்து கொட்டில்கள், ஒரே கிணறு. அடுத்த வருஷம் கிளிநொச்சிச் சனமே எழும்பி அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்கும் போனது. உங்கள் அம்மாவின் வயதில் வன்னியில் இருக்கும் யாரும் ஒன்றில் பிறத்தியாரை வைத்துப் பார்த்திருப்பார், அல்லது பிறத்தியார் வளவில் படுத்திருப்பார். அந்த நாள்களை ஊர் பார்க்கப் போவதோடு சேர்த்து வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அது விரும்பிப் போனதில்லை. இருந்தாலும் அம்மாவின் கேள்விக்குள் நிற்கும் வெட்கம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கதியில்லாமல் ஒருவர் வாசலில் நின்ற நினைவு அது. நீங்கள் இம்முறை போவது கதியில்லாமல் இல்லை, அழைப்பு வந்து போகிறீர்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். ஆறுதலாகச் சொல்லுங்கள்.

தெரியாதவர் வீட்டில் தங்கும் இந்த ஏற்பாட்டின் தொடக்கமும் யுத்தத்தில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1949இல், டென்மார்க்கில் தொடங்கியது சேர்வாஸ். பொப் லூயிற்வைலர் என்ற அமெரிக்கர், ஆயுதம் தூக்க மறுத்தவர், தன் நண்பர்களோடு தொடக்கினார். ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிச் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் எளிதில் பகைக்க மாட்டார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இன்றைக்கும் சேர்வாஸில் சேர நேர்முகம் வைத்துத்தான் அறிமுகக் கடிதம் தருவார்கள், வழமையாக இரண்டு இரவு தங்கலாம். கவுச்சர்ஃபிங் 2004இல் வந்தது. 2011இல் இலாபம் பார்க்கும் கம்பனியாக மாறியது, 2020இல் பல நாட்டு உறுப்பினரிடம் சந்தா கேட்கத் தொடங்கியது. அதில் மனம் நொந்து வெளியேறியவர்கள் நிறையப் பேர். பிவெல்கம் 2007இல் தொடங்கியது, தொண்டர்கள் நடத்துவது, கட்டணமில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஆள்தொகை குறைவு, பதில் வரப் பொறுமை வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். முதல் தரம் பெண்கள் வீட்டில், அல்லது குடும்பம் இருக்கும் வீட்டில் மட்டும் தங்குங்கள். முன்பு தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளில் பெண்கள் எழுதியதைத் தேடி வாசியுங்கள். புகழ்ச்சியை விடக் குறையை ஊன்றி வாசியுங்கள். ஒரு ஆணின் இணையப் பக்கத்தில் இளம் பெண்களுடைய குறிப்புகள் மட்டுமே இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். போகமுன் வீடியோவில் கதையுங்கள். தனி அறையா, கதவுக்குப் பூட்டு இருக்கா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், நல்ல வீட்டுக்காரர் அதைக் குறையாக எடுக்கமாட்டார். பகலில் போய்ச் சேருங்கள். முகவரியை மாமியிடம் கொடுத்து வையுங்கள். ஓரிரு இரவு ஹொஸ்ரலுக்குப் போதுமான காசைத் தொடாமல் வைத்திருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மரியாதைக்காக ஒரு இரவும் பொறுக்கவேண்டாம்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லவேண்டும். பிரித்தானிய விசிற்றர் விசாவில் உங்கள் தங்குமிடத்தை வேறொருவர் பொறுப்பெடுத்தால், அவருக்கும் உங்களுக்கும் தொழில்வழியோ தனிப்பட்டோ உண்மையான உறவு இருக்கவேண்டும். இணையத்தில் அறிமுகமானவரின் முகவரி அதற்குப் போதாது. விண்ணப்பத்தில் பயிற்சிக்காரர் தரும் தங்குமிடத்தையும் மாமியின் முகவரியையும் எழுதுங்கள், எழுதுவது போலவே மாமி வீட்டிலும் நில்லுங்கள். இன்னொன்று: அறை தருகிறோம், பிள்ளையைப் பாருங்கள், வீடு துடையுங்கள் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அது விருந்தோம்பல் இல்லை, வேலை. சம்பளமில்லாத வேலைக்கும் அந்த விசாவில் இடமில்லை.

மாமிக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் அவரோடு முழு மனதாக நில்லுங்கள், கலியாண வீடியோவையும் பாருங்கள். பிறகு நகரத்தின் மற்றப் பக்கத்தில், கிழக்கிலோ தெற்கிலோ, ஒரு வீடு. மாமியையும் அந்த வீட்டுக்காரியையும் ஒருநாள் சந்திக்க வைத்தால் இன்னும் நல்லது. பல வருஷம் ஒரே நகரத்தில் இருந்தும் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் குசினிக்குள் கால் வைக்காத எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர்.

கடைசிக் கேள்வி. திருப்பித் தங்கவைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் நீங்கள் விரும்புவீர்கள். நாங்கள் வாம்ஷவேர்ஸ் என்ற சைக்கிள் பயணிகளின் வலையமைப்பில் இருக்கிறோம், அது 1993இல் தொடங்கியது. ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்கு மிதிக்கிறவர்கள் ஓமந்தை தாண்டிய வெயிலில் வாடி வந்து எங்கள் வளவில் இறங்குவார்கள். அவர்கள் கேட்பது கூடாரம் அடிக்க ஒரு மரநிழல், குளிக்கத் தண்ணி, சைக்கிள் வைக்க இடம். கிணற்றடிக் குளிப்பு அவர்களுக்கு ஒரு குறையே இல்லை. உங்கள் இணையப் பக்கத்தில் அதை உள்ளபடி எழுதுங்கள்: குளிப்பு கிணற்றடியில், மறைப்பு இருக்கிறது, கழிப்பறை வெளியில், இராச்சாப்பாடு புட்டு, வீட்டில் அம்மாவும் இருக்கிறார். இந்தக் கடைசி வரி முக்கியம். அது வருகிறவருக்கும் நம்பிக்கை, உங்களுக்கும் காவல். தருமபுரம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில்தானே, கடற்கரைக்குப் போகிற சைக்கிள்காரர்கள் உங்கள் வாசலால் போவார்கள். லண்டன் போகமுன் ஒருவரையாவது வைத்துப் பாருங்கள். வந்தவர் எழுதிவிட்டுப் போகும் குறிப்பு உங்கள் பக்கத்தில் நின்றால், லண்டன்காரர் உங்களுக்குக் கதவு திறக்க யோசிக்கமாட்டார்.

பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். வாசித்து, மாற்றவேண்டியது இருந்தால் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா
மாங்குளம்