அம்மாவுக்குத் தினமும் வலி மாத்திரை வேண்டாம்

அல்சைமர் என்ற மறதி நோயில் மூளை அழற்சி இருப்பதால், அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனை அம்மாவுக்குத் தினம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாங்க.

அழற்சிக்குப் பங்கு உண்டுதான். மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா, அமிலாய்டு என்ற புரதப் படிவுகளை மொய்த்துத் தின்னப் பார்க்கும். வருடக்கணக்கில் கிளர்ந்தே கிடந்தால் நல்ல நரம்பிணைப்புகளையும் அரித்துவிடும். ஆனால் அமெரிக்காவில் 2001இல் தொடங்கி, 70 வயது தாண்டியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த நாப்ராக்சனும் செலிகாக்சிபும் கொடுத்துப் பார்த்த அடாப்ட் ஆய்வை, இதய ஆபத்து பற்றிய கவலையால் 2004 டிசம்பரில் நிறுத்தினார்கள். அந்த மாத்திரைகள் நோயையும் தடுக்கவில்லை.

அப்புறம், இரண்டே நாளில் அம்மா உங்களையே "யாருப்பா நீ?" என்று கேட்டார் என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அல்சைமர் பொதுவாக அவ்வளவு வேகமாக இறங்காது. சிறுநீர்த் தொற்று வந்தாலும் முதியவர்கள் இப்படித் திடீரென்று தடுமாறுவார்கள். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.