கெண்டோ பயில்பவர் தனியாகத் தியானமும் செய்ய வேண்டுமா?

ஜப்பானிய வாள்வித்தையான கெண்டோவில், வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்து செய்யும் மொகுசோ தியானம் போதுமா, வீட்டிலும் தியானம் பழக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலும் உட்காருங்கள், நல்லதுதான். ஆனால் கெண்டோவில் மனப்பயிற்சியின் பெரும்பகுதி ஷினாய் என்ற மூங்கில் வாளைக் கையில் பிடித்து எதிராளியைப் பார்த்து நிற்கும்போதுதான் நடக்கிறது.

கெண்டோவில் மனதின் நான்கு நோய்கள் என்று சொல்வார்கள்: திகைப்பு, அச்சம், சந்தேகம், தடுமாற்றம். எனக்கு மூன்றாவதுதான் பெரும்பாடு. எதிராளியின் ஷினாய் முனை லேசாகத் தாழும். உண்மையிலேயே இடம் விடுகிறாரா, இழுத்துப் பார்க்கிறாரா என்று யோசிப்பதற்குள் தலையில் அடி விழுந்துவிடும்.

இதைத்தான் ஜென் துறவி தகுவான் சோஹோ, ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஷோகன்களுக்கு வாள்வித்தை கற்பித்த யாக்யூ முனேனோரிக்கு 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். எதிராளியின் வாளில் மனதை வைத்தால் மனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பௌத்தத்தில் கருணையின் வடிவமான, ஆயிரம் கைகள் கொண்ட கன்னோனின் மனம் ஒரே கையில் நின்றுவிட்டால் மீதி 999 கைகளும் வீண் என்கிறார். என்னைப் பொறுத்தவரை கெண்டோ பற்றி இதைவிடப் பயனுள்ள பேச்சு இல்லை.

அடித்த பிறகும் மனம் தளரக்கூடாது. அதுதான் ஸான்ஷின். போட்டியில் அழகாக அடித்துவிட்டுக் கையை உயர்த்திக் கொண்டாடினால், கொடுத்த புள்ளியையே நடுவர்கள் திரும்பப் பெறலாம். மனநிலையை விதியாகவே எழுதி வைத்திருக்கும் விளையாட்டு இது!

சரி, வீட்டில் என்ன செய்வது? மூச்சை எண்ணுங்கள். வெளிவிடும் மூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தவறினாலும் ஒன்றுக்கே வந்துவிடுங்கள். மொகுசோவில் போலவே இடது கை வலது கைமேல், கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். தூக்கம் வந்தால் விரல்கள் சரியும், மனம் இறுகினால் ஒன்றையொன்று அழுத்தும். முழங்கால் வலித்தால் நாற்காலி போதும், முதுகு நிமிர்ந்திருந்தால் சரி.

இந்த மூச்சு நேரடியாகக் களத்துக்கு வருகிறது. மூச்சை உள்ளிழுக்கும் நொடியில் உடம்பு சட்டென்று பாயாது. அனுபவசாலிகள் அந்த நொடிக்காகவே காத்திருப்பார்கள். எனவே இழுப்பது குறுகியதாக, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். விடுவது நீளமாக, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். அடுத்த வகுப்பில் எதிராளியின் தோள்களைக் கவனித்துப் பாருங்கள், அவர் எப்போது மூச்சிழுக்கிறார் என்பது தெரிய ஆரம்பிக்கும்.