பாதியில் நிற்கும் பிடிஎஃப்

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு ஜாவா வெப் அப்ளிகேஷன் பார்த்துக்கொள்கிறேன். பச்சைத்தேயிலை கொடுக்கும் விவசாயிகள் தங்கள் கணக்கை, எடைச் சீட்டுப் படங்களோடு, பிடிஎஃப் ஆக டவுன்லோடு செய்யலாம். தமிழில் வைத்த ஃபைல் பெயர் கேள்விக்குறியாக வருகிறது. மழை நாளில் சிக்னல் போனால் டவுன்லோடு பாதியில் நின்று, திரும்ப முதலிலிருந்து ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, பெயர் விஷயம் சுலபம். பிரவுசரும் சர்வரும் ஒன்றுக்கொன்று அனுப்பும் குறிப்பு வரியான எச்டிடிபி ஹெடரில் தமிழ் எழுத்தை அப்படியே வைத்தால் ஒழுங்காகப் போய்ச் சேராது. கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் பெயரை இரண்டு முறை கொடுங்கள். 'ஃபைல்நேம்' என்பதில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்; நட்சத்திரக் குறி போட்ட 'ஃபைல்நேம்*' என்பதில் யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) என்று சொல்லி, ஒவ்வொரு பைட்டையும் % போட்டு எழுதும் சதவீதக் குறியீட்டில் தமிழ்ப் பெயர். 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் வழி இது. இந்தக் குறியீட்டுக்கு மாற்றித் தரும் ஜாவாவின் யுஆர்எல்என்கோடர் இடைவெளியை + ஆக்கிவிடும். அதை %20 என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். மேகம் இறங்கினால் சிக்னல் எப்படி ஆடும் என்று குன்னூரில் இருக்கும் எனக்குத் தெரியும். டவுன்லோடு முக்கால்வாசி வந்து அறுந்தால், நஷ்டம் அந்த விவசாயியின் டேட்டாவுக்குத்தான்.

விட்ட இடத்திலிருந்து தொடர, பிரவுசர் 'ரேஞ்ச்' ஹெடரில் இத்தனையாவது பைட்டிலிருந்து வேண்டும் என்று கேட்கும். சர்வர் 206 என்று பதில் சொல்லி மீதியை மட்டும் அனுப்ப வேண்டும். நாமே எழுதிய சர்வ்லெட்டுக்கு (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா புரோகிராம்) இது தானாக வராது. டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரோடு வரும் டிஃபால்ட் சர்வ்லெட்டுக்குத் தெரியும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் ஃபைலை 'ரிசோர்ஸ்' ஆகத் திருப்பிக் கொடுத்தாலும் நடக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் பிடிஎஃப்பைப் புதிதாக உருவாக்குகிறீர்களா? அப்படியென்றால் ரேஞ்ச் இருந்தும் பிரயோஜனமில்லை. உருவான நேரம் பிடிஎஃப்புக்குள்ளேயே பதிவாவதால், கணக்கு அதேதான் என்றாலும் பைட்டுகள் மாறிவிடும். பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டினால் ஃபைல் திறக்காமல் போகலாம். கணக்கு முடித்தவுடன் ஒரே தடவை உருவாக்கி டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். அதற்கு ஒரு ஈடேக் (ஃபைலின் இந்தப் பதிப்பை அடையாளம் காட்டும் குறி) கொடுங்கள். பிரவுசர் அதை 'இஃப்-ரேஞ்ச்' ஹெடரில் திருப்பி அனுப்பும். பொருந்தினால் மீதி, பொருந்தாவிட்டால் முழு ஃபைல்.

ஃபைலின் மொத்த அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரும் போடுங்கள், எவ்வளவு பாக்கி என்று போனில் தெரியட்டும். முழு ஃபைலையும் மெமரியில் ஒரே பைட் அரேயாக ஏற்றி அனுப்பாதீர்கள். பணம் போடும் நாளில் எல்லோரும் சேர்ந்து வந்தால் ஹீப் (ஜாவாவுக்கான மெமரி) தாங்காது. ஜாவா 9-லிருந்து, ஃபைலைப் படிக்கும் இன்புட்ஸ்ட்ரீமுக்கு 'டிரான்ஸ்ஃபர்டூ' இருக்கிறது, துண்டு துண்டாக அதுவே அனுப்பிவிடும்.

அப்புறம், யாருடைய கணக்கு என்பதை யுஆர்எல்லில் வரும் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். லாகின் செய்தவருடையதுதானா என்று சர்வரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒருவர் எத்தனை கிலோ போட்டார், எவ்வளவு வாங்கினார் என்பது பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை.