வீட்டிலிருந்து வேலை: குமரி மாவட்டத்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மார்த்தாண்டம்): திருமணமாகி வந்த வீட்டின் முன்னறையில் அமர்ந்து வேலை பார்க்கிறேன். கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை விருந்தினருக்குத் தேநீர் கேட்கிறார். எதிர்த்துப் பேசவும் மனமில்லை.

பதில்: உங்கள் அத்தையிடம் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை, சகோதரி. காலையில் பேருந்து ஏறிப் போய் மாலையில் திரும்புவதே வேலை என்று பழகியவருக்கு, முன்னறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருமகள் வேலையில் இருக்கிறாள் என்பது எளிதில் தெரிவதில்லை. முந்தின இரவே நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "நாளை 10 மணி முதல் 11.30 வரை பேச வேண்டியிருக்கிறது அத்தை, அதன்பின் நானே தேநீர் போடுகிறேன்." சொன்னபடி 11.30க்கு எழுந்து வந்துவிடுங்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரத்தை அவரே காத்துத் தருவார். வருவோர் போவோர் உட்காரும் முன்னறையையும் விட்டுவிடுங்கள். தேங்காயும் பழைய பாத்திரங்களும் கிடக்கும் பின்னறையை ஒழித்தால் போதும். இவற்றையெல்லாம்விட முக்கியம், உங்கள் கணவர் இதைத் தம் தாயிடம் பேசுவது. அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் யாரும் அவரிடம் தேநீர் கேட்கப்போவதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததுதான்; அந்த மரியாதை உங்கள் வேலைக்கும் உரியது.

கேள்வி (குலசேகரம்): இடி இடித்தாலே கரண்ட் போய்விடுகிறது, இணையமும் நின்றுவிடுகிறது. மேலாளர் நம்ப மறுக்கிறார். என்ன ஏற்பாடு செய்யலாம்?

பதில்: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது, ரப்பர் மரங்களுக்கும் தென்னைகளுக்கும் நடுவே கம்பி ஓடும் ஊர்களில் ஒரு மட்டை விழுந்தாலே மின்சாரம் போய்விடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட இன்வெர்ட்டர் ஒன்று, மடிக்கணினி, மோடம், ஒரு மின்விசிறி ஆகியவற்றை மட்டும் ஓட்டினால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்வரை ஐந்து மணி நேரமாவது தாங்கும். இன்வெர்ட்டருக்கு இப்போது வசதியில்லை என்றால், மோடத்துக்கு மட்டுமான சிறிய யுபிஎஸ் ஒன்றை முதலில் வாங்குங்கள்; மடிக்கணினிக்குத் தன் பேட்டரி இருக்கிறது.

இணையம் நின்றால் பதற்றத்தில் மோடத்தைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடாமல், அதில் 'லாஸ்' (LOS, சிக்னல் வரவில்லை என்பதன் குறி) என்று குறித்த விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வெளியே ஃபைபர் கம்பி அறுந்திருக்கிறது. உடனே இணைப்புக்காரரை அழைத்துவிட்டுக் கைபேசி இணையத்துக்கு மாறுங்கள். அந்தக் கைபேசி இணைப்பு வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். மின்னல் பக்கத்தில் வருவதற்கு முன்பே எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள்; வெட்டத் தொடங்கிய பின் அவற்றைத் தொடாதீர்கள். யுபிஎஸ் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். மேலாளரிடம் இந்த மாற்று ஏற்பாட்டை மழைக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நடந்த பின் சொல்லும் காரணம் சாக்காகவே கேட்கும்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): காற்று இரைச்சலில் என் பேச்சு யாருக்கும் கேட்பதில்லை.

பதில்: கணவாய்க் காற்று வீசும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அதற்கு முதுகு காட்டாமல் உள்சுவரை ஒட்டி உட்காருங்கள். வாயருகே மைக் வரும் ஹெட்செட், மடிக்கணினியில் உள்ள மைக்கைவிட மிக நன்றாகக் கேட்கும்.

கேள்வி (தக்கலை): கட்டிலில் அமர்ந்து வேலை பார்ப்பதால் முதுகு வலி.

பதில்: கட்டிலை விட்டு எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்கும்படி மடிக்கணினியை உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (குளச்சல்): நியூயார்க் நேரத்துக்கு வேலை. பகலில் தூங்கினால் உறவினர்கள் சோம்பேறி என்கிறார்கள். நவம்பரில் நேரமும் மாறிவிடுகிறது.

பதில்: அங்கே காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 7.30. ஆண்டு முழுவதற்கும் இதை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அவர்களுடைய வேலைநேரம் முழுக்க நீங்கள் விழித்திருக்கத்தான் வேண்டுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்; முன்னிரவில் நான்கு மணி நேரம் சேர்ந்திருந்து, மீதியைப் பகலில் முடிக்கப் பலர் அனுமதி பெற்றிருக்கிறார்கள். உறவினர்களைப் பொறுத்தவரை, கடலுக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. இரவெல்லாம் கடலில் இருந்து வந்து பகலில் உறங்குபவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. வீடே சத்தம் குறைத்துக்கொள்கிறது. உங்கள் உறக்கத்துக்கும் அதே ஏற்பாட்டைக் கேளுங்கள், உறங்கும் நேரத்தைத் தினமும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.