நனைஞ்ச ரோட்டுல நிக்கற டயர் எதுங்க? லாரிக்காரங்க கேள்வி பதில்

கேள்வி: ஐயா வணக்கமுங்க. நம்மளுது ஆறு வீல் வண்டி, நாமக்கல்லுல இருந்து திருச்சூருக்கு முட்டை லோடு. போன மாசம் எறக்கிட்டு காலியா வர்றப்போ வடக்கஞ்சேரி தாண்டி நல்ல மழை, முன்னால போன கார் பிரேக் போட்டுச்சு நானும் போட்டேன், வண்டி நிக்காம பின்பக்கம் சைடுல இழுத்துக்கிட்டே போயி டிவைடர்கிட்ட நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. டயர் மொட்டையெல்லாம் கெடையாது, பின்னாடி ரீட்ரெட் (தேஞ்ச டயர்ல புது ரப்பர் ஒட்டுனது), பட்டன் (டயர் மேல இருக்கற மேடு பள்ள டிசைன்) பாதி இருக்குது. மழைக்கு நல்லா புடிக்கற மாதிரி டயர் மாத்தலாம்னு இருக்கேன். கடைக்காரர் லக் பட்டன் (குறுக்க தடிச்ச கட்டை வெச்சது) போடுங்க, நல்லா கடிக்கும்ங்கறாரு. போடலாமுங்களா?
– ஒரு வாசகர், பரமத்திவேலூர்

பதில்: தம்பி, யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்கற வரி வந்ததுக்கு அப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. "காலியா வர்றப்போ"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி விசயம் அதுலயே இருக்குது. லோடு வண்டிதான் மழையில நிக்காது, காலி வண்டி லேசு, சட்டுனு நின்னுரும்னு நம்ம ஆளுக நெனைக்கறாங்க, நனைஞ்ச ரோட்டுல அது தலைகீழுங்க. லோடு இருந்தா டயர் அமுங்கி தரையில நீளமா ஒக்காரும், நிக்கற தண்ணிய பிதுக்கி வெளிய தள்ளிரும். காலியா இருக்கறப்போ அதே 110, 120 பவுண்டு காத்து உள்ள இருக்குது, மேல எடையில்ல, டயர் தரையில படற நீளம் சுருங்கிப் போகுது, தண்ணி வெளிய போக நேரமில்லாம ரப்பருக்கு அடியிலயே நின்னுக்குது.

இத ஒருத்தரு கணக்காவே போட்டு வெச்சிருக்காருங்க. அமெரிக்காவுல நாசாவுல இருந்த வால்டர் ஹார்ன், விமான டயரை வெச்சு ஆராஞ்சு சொன்னது: டயர்ல எத்தன பவுண்டு காத்தோ அதோட வர்க்கமூலத்த 10.35 ஆல பெருக்குங்க, அத்தன மைல் வேகத்துல டயர் தண்ணி மேல மெதக்க ஆரம்பிச்சுரும். 100 பவுண்டுன்னா வர்க்கமூலம் 10, ஆக 103 மைல், சுமாரா 166 கிலோமீட்டர். எந்த லாரி 166ல போகுது, அதனால லாரிக்கு இந்த ஆபத்தே இல்லைன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க. 1984ல அவரே திரும்ப வந்து, காத்து மட்டும் பத்தாது, டயர் தரையில படற எடத்தோட நீள அகலத்தையும் சேத்துப் பாக்கணும், அப்படிப் பாத்தா காலி லாரி சாதாரண ஹைவே வேகத்துலயே மெதக்கும்னு சொன்னாரு. நாம ரெண்டு நாளைக்கு ஒரு தாட்டி பண்ற வேலைங்க இது, லோடோட போறப்போ பயந்து பயந்து 50ல போறோம், எறக்கிட்டு வீட்டு நெனப்புல 80ல வர்றோம். அதுவும் ஆனி ஆடியில நம்ம பக்கம் வெறும் காத்துதான் அடிக்கும், ரோடு காஞ்சு கெடக்கும், வாளையார் தாண்டுனா கொட்டிட்டு இருக்கும். காஞ்ச ரோட்டுல ஓட்டுன அதே கையோட உள்ள போயிரக்கூடாது.

பிரேக்கையும் பாக்கணும். லாரி பிரேக்க லோடுக்குன்னு பண்ணி வெச்சிருக்கறாங்க, காலியில அதே அழுத்து அழுத்துனா பின் சக்கரம் நின்னுரும், நின்ன சக்கரத்துக்கு சைடு பிடிப்பு சுத்தமா இருக்காது, அதான் பின்பக்கம் இழுத்துக்கிட்டு போயிருக்குது. இதுக்குத்தான் பின் ஆக்சில்கிட்ட லோடு சென்சிங் வால்வு வெச்சிருப்பாங்க, காலின்னா பின்னாடி போற காத்த அது கொறைக்கும். நெறைய வண்டியில அதோட ராடு ஒடைஞ்சோ கம்பி வெச்சுக் கட்டியோ கெடக்குது, உங்க வண்டியில எப்படி இருக்குதுன்னு மெக்கானிக்க விட்டு பாக்கச் சொல்லுங்க, ஏபிஎஸ் (பிரேக் போடறப்போ சக்கரம் சுத்தறது நின்னுராம பாத்துக்கறது) லைட் எரிஞ்சுட்டே இருந்தா அதையும் சரி பண்ணுங்க. மழையில காலியா வர்றப்போ எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகைய அடைச்சு இன்ஜினால வேகத்தக் கொறைக்கறது) போடாதீங்க, அதுவும் பின் சக்கரத்தத்தான் புடிக்கும். இதெல்லாம் சரி பண்ணாம எந்த டயர் மாத்துனாலும் அதே வடக்கஞ்சேரி கதைதான்.

இனி டயருக்கு வர்றேன். லக் வேண்டாமுங்க. அது மண்ணுலயும் குவாரியிலயும் கடிக்கும், ஏன்னா கடிக்க மண்ணு இருக்குது. தார் ரோட்டுல எதக் கடிக்கறது? நனைஞ்ச தார்ல பிடிப்புங்கறது ரப்பர் போயி ஜல்லியத் தொடறதுதான், நடுவுல இருக்கற தண்ணி ஓடணும், அதுக்கு டயரச் சுத்தி நீளமா ஓடற காடி (பள்ளம்) வேணும், அந்த ரிப் பட்டன்தான் முன்னாடிக்கு. பின்னாடிக்கு கட்டம் கட்டமா பிரிஞ்ச பட்டன், இல்லைன்னா ரிப்பும் லக்கும் கலந்தது, அதுலயும் ஒவ்வொரு கட்டத்துலயும் பிளேடால கீறுன மாதிரி மெல்லிசா கீறல் இருக்கான்னு பாருங்க. ரோட்டு மேல மிச்சமிருக்கற மெல்லிசுத் தண்ணிய அந்தக் கீறல்தான் தொடைச்சு எடுக்கும். கடையில நிக்கறப்பவே ஒரு கார்டை உள்ள விட்டு கீறல் எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாருங்க, சிலதுல மேலாப்புல மட்டும் இருக்கும், டயர் பாதி தேயறதுக்குள்ள கீறல் காணாமப் போயிரும், அப்பறம் பட்டன் இருந்தும் பிடிப்பு இருக்காது. உங்க ரீட்ரெட்டுக்கும் இதேதான் ஆயிருக்குதோன்னு எனக்கு சந்தேகம், ராத்திரி டார்ச் அடிச்சு பாத்துருங்க.

ரப்பரும் பாக்கணுமுங்க. நாம கடைக்குப் போனதும் கேக்கற மொத கேள்வி "எத்தன கிலோமீட்டர் ஓடும்"தான், நனைஞ்ச ரோட்டுல எத்தன அடியில நிக்கும்னு இத்தன வருசத்துல கேட்ட ஆள நான் விரல் விட்டு எண்ணிருவேன். ஈரத்துல புடிக்கற ரப்பர், ரோட்டு மேடு பள்ளத்துல ஒட்டி ஒட்டி எழுந்திரிக்கணும், அப்ப சூடாகும், தேயும், டீசலும் கொஞ்சம் கூட இழுக்கும். ஓட்டத்துக்குன்னே பண்ணுன ரப்பர் கெட்டியா நிக்கும், ஈரத்துல வழுக்கும். சிலிக்கா கலந்த ரப்பர் ரெண்டையும் ஓரளவுக்கு சேத்துத் தருது, வெல கூட. கேரளா லைனுக்கே ஓடற வண்டிக்கு அந்த வெல குடுக்கலாம்னு நான் அடிச்சே சொல்லுவேன்.

முன் டயரப் பத்தி நீங்க ஒரு வார்த்தகூட எழுதல, அதான் எனக்கு கவலையா இருக்குது. முன்னாடி ரெண்டும் புதுசா, ஒரே கம்பெனி ஒரே பட்டனா இருக்கணும், ரீட்ரெட் அங்க போடவே கூடாது. பணம் பத்தலைன்னா முன்னாடிக்கு ரெண்டு புதுசு வாங்கிட்டு பின்னாடி நாலுக்கும் நல்ல கேசிங்ல (டயரோட அடி உடம்பு) கோல்ட் ரீட்ரெட் (முன்னாலயே பட்டன் வார்த்த பட்டைய ஒட்டறது) போடுங்க, தப்பில்ல, ஆனா நாலும் ஒரே பட்டன், கீறல் ஆழமா இருக்கறதா கேட்டு வாங்குங்க. ஜோடி டயர்ல உள் டயரும் வெளி டயரும் ஒசரம் 6 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது, வந்துச்சுன்னா பெரிசு சுமக்கும், சின்னது சும்மா தரையத் தேச்சுக்கிட்டே வரும், மழையில அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

எப்ப மாத்தறதுன்னு கேட்டா, சட்டம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தா போதும்ங்குது, காடிக்குள்ள சின்ன மேடு இருக்கும் பாருங்க, அதோட பட்டன் சமமாயிட்டா முடிஞ்சுது. அது கடைசி எல்லைங்க, மழைக்கு அது பத்தாது. அமெரிக்காவுல லாரியோட முன் டயருக்கு மட்டும் 3.2 மில்லிமீட்டர்னு தனியா வெச்சிருக்காங்க. நான் சொல்றது முன்னாடி 4க்கு வந்தா கழட்டி ரீட்ரெட்டுக்கு குடுத்துருங்க, கேசிங்கும் நல்லா இருக்கும். ஆழம் பாக்கற கேஜ் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல போட்டுக்குங்க, பெரிய வெலையில்ல, உள்பக்க ஓரத்துல மறக்காம வெச்சுப் பாருங்க, தேயறது அங்கதான் தேயும் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: ரிக் வண்டி (போர் போடற லாரி) வெச்சிருக்கோமுங்க. காட்டுக்குள்ள எறங்கணும்னு எப்பவும் பின்னாடி நைலான் லக்குதான். மழையில தார் ரோட்டுல டிரைவருக பயப்படறாங்க. ரேடியலுக்கு (உள்ள இரும்புக் கம்பி வெச்ச டயர்) மாறலாமா?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: ரிக்குக்கு லக் வேணுமுங்க, அது இல்லாம உழுத காட்டுல எறங்குனா ஜேசிபி வெச்சுத்தான் இழுக்கணும். உங்க வண்டி எப்பவும் லோடுலதான் இருக்குது, அதனால மேல சொன்ன காலி வண்டி பிரச்சினை இல்ல, ஆனா ஒசரம் ஜாஸ்தி, எடை மேல நிக்குது, வளைவுல சறுக்குனா கவுந்துரும். பின்னாடி லக்கோட இருக்கட்டும், முன்னாடி ரெண்டும் நல்ல ரிப் போடுங்க. ரேடியலுக்கு மாறுனா ஒரு ஆக்சில்ல நைலானும் ரேடியலும் கலக்காதீங்க. மழையில வேகம் 40, அத ஓனரே டிரைவர்கிட்ட சொல்லிரணும், அடுத்த பாயிண்டுக்கு எப்ப வருவீங்கன்னு போன் மேல போன் போட்டா அவங்க எப்படிங்க மெதுவாப் போவாங்க.

கேள்வி: வீட்டுக்காரர் லாரில இருக்காருங்க, கணக்கு வழக்கு டயர் வாங்கறதெல்லாம் நானுதான். வெளிநாட்டு டியூப்லெஸ்னு ஒண்ணு ரொம்ப கம்மி வெலைக்கு வருது. வாங்கலாங்களா? மழைக்கு நல்லதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?
– ஒரு வாசகி, சங்ககிரி

பதில்: அம்மிணி, கம்மி வெலைங்கறதுக்காக வேண்டாம்னும் சொல்லமாட்டேன், கூட வெலைங்கறதுக்காக நல்லதுன்னும் சொல்லமாட்டேன், டயர் பக்கவாட்டுல எழுதியிருக்கறதப் படிங்க. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும், இல்லைன்னா பேச்சே இல்ல. நாலு நம்பர்ல தேதி இருக்கும், 2324ன்னா 2024ஆம் வருசம் 23ஆவது வாரம். ரெண்டு வருசம் குடோன்ல கெடந்த டயர்னா எடுக்காதீங்க, ரப்பர் எறுகிப் போயிருக்கலாம், எறுகுன ரப்பர் மொதல்ல எழக்கறது ஈரப் பிடிப்பத்தான். அப்பறம் வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ (E) எழுத்து போட்ட ஐரோப்பா முத்திரை இருந்தா அதுக்குப் பக்கத்துல நீளமா ஒரு நம்பர் வரும், அதோட கடைசியில எஸ்2 டபிள்யூ ஆர்2ன்னு (S2WR2) இருக்கான்னு பாருங்க. எஸ் சத்தத்துக்கு, ஆர் உருளற தடைக்கு, அந்த டபிள்யூதான் ஈரப் பிடிப்பு, அங்க சோதனை பண்ணி பாசானதுன்னு அர்த்தம். நம்ம நாட்டுலயும் 2022ல ஏஐஎஸ் 142ன்னு இதே மாதிரி விதி கொண்டாந்தாங்க, லாரி டயரும் அதுல வருது, அதனால "இதுக்கு வெட் கிரிப் டெஸ்ட் ஆயிருக்கா"ன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்குது. பில்லுல சீரியல் நம்பர் போட்டு வாங்குங்க.

எடை நம்பரையும் பாத்துருங்க. உதாரணத்துக்கு 146/143ன்னு இருந்தா ஒத்தையா போட்டா 3000 கிலோ, ஜோடியா போட்டா ஒரு டயருக்கு 2725 கிலோ. பழைய டயர்ல என்ன நம்பரோ அதுக்குக் கொறையக்கூடாது.

இன்னொண்ணு, பழைய டயர்ல சூடு கத்தி வெச்சு பட்டன் வெட்டி புதுசு மாதிரி தர்றாங்க, அத வாங்கிராதீங்க அம்மிணி. தொண்ணூறுகள்ல நான் எங்க மாமாகூட கிளீனரா போயிட்டு இருந்தேன், தொப்பூர் எறக்கத்துல தூறல், வெட்டுன டயரு முன்னாடி, வெட்டு கேசிங் நூலு வரைக்கும் போயிருந்திருக்குது, படீர்னு போச்சு. வண்டி மலைப்பக்கம் சாஞ்சதால நாங்க உயிரோட வந்தோம், அந்தப்பக்கம் போயிருந்தா இத எழுத ஆளில்ல. வெட்டலாம்னு தயாரிப்பாளரே பக்கவாட்டுல ரீகுரூவபிள்னு போட்டிருந்தா ஒழிய வெட்டக்கூடாது.

கேள்வி: பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு பிக்கப்புல காய்கறி ஏத்தறேன். ரெண்டு டயர்தான் இப்ப வாங்க முடியும். புதுச முன்னாடி போடறதா பின்னாடி போடறதா?
– ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: இதுல லாரிக்கும் பிக்கப்புக்கும் வேற வேற பதிலுங்க, அதான் நெறைய பேரு கொழம்பறாங்க. லாரியில நல்லது முன்னாடி, ஏன்னா பின்னாடி ஜோடியா இருக்குது, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும், முன்னாடி தாங்க ஆளில்ல. பிக்கப்புல நாலும் ஒத்த டயர், காலியா எறங்கறப்போ பின்பக்கம் காகிதம் மாதிரி இருக்கும், அந்த 40 கொண்டை ஊசி வளைவுல முன்னாடி சறுக்குனா ஸ்டியரிங்ல தெரியும், காலை எடுத்துட்டு சமாளிக்கலாம், பின்னாடி சறுக்குனா வண்டி சுத்திரும், அதுக்கப்பறம் உங்க கையில ஒண்ணுமில்ல. அதனால புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க. முன்னாடி இருக்கறதுல 3 மில்லிமீட்டருக்குக் கீழ வந்துருச்சுன்னா அந்த ரெண்டு டயர் கணக்கே செல்லாது, கடன் சொல்லியாவது நாலையும் மாத்துங்க. கார் டயர் வெல கம்மின்னு போட்டுறாதீங்க, எல்டின்னு (LT, லைட் டிரக்) போட்டதுதான் உங்க வண்டிக்கு. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டறதுக்கு முன்னாடி ஒரு எடத்துல நிறுத்தி, காத்து நாலுலயும் சரியா இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க.