மூன்று வாரமாக மாறாத லைன்-அப்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். நண்பர்களும் உறவினர்களுமாக 12 பேர் சேர்ந்து ஆறு வருடமாக ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடத்துகிறோம். நான்தான் கமிஷனர், அதாவது லீக்கை நிர்வகிப்பவன். திங்கள்தோறும் போன வார முடிவையும் இந்த வார நிலவரத்தையும் கொஞ்சம் கிண்டலோடு எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. டாலஸ் பக்கம் இருக்கும் என் மச்சினனும் (மனைவியின் தம்பி) லீக்கில் இருக்கிறான். முதல் வருடமே ஜெயித்தவன், இப்போது கடைசி இடம். மூன்று வாரமாக லைன்-அப்பையே (ஆடுகிறவர்கள் பட்டியல்) தொடவில்லை. 60 நாள் ஐ.எல். என்னும் காயப் பட்டியலில் போட்ட பிட்ச்சர்கூட (பந்து போடுகிறவர்) இன்னும் ஆடும் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் என்னிடம் 9-1 என்று தோற்றான். பத்துத் தலைப்பில் அவனுக்குக் கிடைத்த அந்த ஒன்றும் ஈ.ஆர்.ஏ. (பிட்ச்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தவருக்கே வெற்றி); பந்து போட ஆள் குறைவானதால் ரன் கொடுக்கவும் ஆள் குறைவு! ‘மச்சான் கடையைச் சாத்திவிட்டார், சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது’ என்று எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாமா? அவனை நீக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்க்கச் சொல்லி மற்றவர்கள் நெருக்குகிறார்கள். என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: தம்பி, மனைவியின் கோபத்தையும் நீக்குவதா வேண்டாமா என்பதையும் அப்புறம் பார்க்கலாம். ‘மூன்று வாரமாக லைன்-அப்பையே தொடவில்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு ஸ்கோருக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொன்றும் 162 ஆட்டம் ஆடும். நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்திலோ முறை வைத்தோ பிரித்துக்கொண்டு, அவர்கள் அன்றன்று அடிப்பதையும் பந்து போடுவதையும் வைத்து ஃபேன்டஸி லீக்காரர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். ஹோம் ரன், ஸ்டோலன் பேஸ், ஸ்டிரைக்அவுட் என்று பத்து தலைப்பு. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். நம் ஊர் கிரிக்கெட் ஆப்பில் ஒரு ஆட்டத்துக்கு 11 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடலாமே, அந்தக் கதை இங்கே நடக்காது. தொடக்கப் பிட்ச்சருக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் முறை வரும். இன்று ஆடுகிறவர் நாளை ஓய்வெடுப்பார், மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார். ஆறு மாதமும் தினம் ஒருமுறையாவது எட்டிப் பார்க்காமல் இதில் நிலைக்க முடியாது. என் அக்கா மகன் கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பிட்ச்சரை மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஆட்டத்தில் முதல் வருடமே ஜெயித்த ஆள் உங்கள் மச்சினன். ஞாயிறு ராத்திரி வெய்வரில் (யார் அணியிலும் இல்லாத ஆட்டக்காரர்கள் பட்டியல்) யாரை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். இந்த வாரம் இரண்டு முறை பந்து போடப்போகிற பிட்ச்சர் யார் என்று உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் மூன்று வாரமாக அந்தப் பக்கமே வரவில்லை. வாசலில் மூன்று நாள் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நீங்கள் அதைப் பார்த்து ஜோக் எழுதினீர்கள்.

ஒரு போன் போட்டீர்களா? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், போட்டதாக எங்கும் இல்லை. அந்த ஒரு தலைப்பு ஏன் ஈ.ஆர்.ஏ.வில் போனது என்று ஆராய நேரம் இருந்திருக்கிறது. பிட்ச்சர் எத்தனை நாள் ஐ.எல்.லில் இருக்கிறார் என்பது தெரிகிறது. மனைவியின் கூடப் பிறந்தவன் எப்படி இருக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை.

என்ன ஆகியிருக்கும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. உடம்பாக இருக்கலாம், புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது இருக்கலாம், ஆபீஸில் வேலை கழுத்தை நெரிக்கலாம், வேலையே போயிருக்கலாம். அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எச்-1பி என்றால் வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் விசா வகையை மாற்ற மனுப் போட வேண்டும், அதுவும் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர் யாருடைய பேட்டிங் ஆவரேஜைப் பார்ப்பார்? இதில் எதுவுமே இல்லாமல், ஆட்டம் சலித்துப்போய்ச் சும்மா விட்டிருக்கலாம். அப்படி என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதையும் கேட்டால்தான் தெரியும்.

‘விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாமா’ என்று கேட்கிறீர்கள். இந்த வாக்கியம் எனக்கு வாரம் ஒரு கடிதத்திலாவது வருகிறது. எழுதுகிறவர் எப்போதும் ஜெயித்தவராகவே இருக்கிறார். இந்த ஃபேன்டஸி ஆட்டத்தை இன்றைய வடிவில் தொடங்கி வைத்த டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் 1980-இல் தங்கள் முதல் லீக்கை நடத்தியபோது, கூடிச் சாப்பிட்ட நியூயார்க் உணவகத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு யார் முகம் வாடியிருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. (தொடங்கி வைத்த ஓக்ரென்ட் அதில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லையாம்; அது வேறு கதை.) நீங்கள் எடிசனில், அவர் டாலஸில். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற முகம் அந்த லைன்-அப் ஒன்றுதான். அதையும் நீங்கள் ஸ்கோராகத்தான் படித்திருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், காது குத்தும்போது மடி கொடுக்க வேண்டியவர் இந்த மச்சினன். சபையில் மாலை போட்டு உட்கார வைக்க வேண்டிய ஆளை 12 பேர் நடுவில் கடையைச் சாத்தினவர் என்கிறீர்கள். மச்சானைக் கிண்டல் செய்யாமல் வேறு யாரைச் செய்வது என்று கேட்பீர்கள். சரி, அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அவருக்கு ஒன்று என்றால் முதலில் போய் நிற்கிறவருக்குத்தான் அந்த உரிமை. நான் பழைய காலத்து மனுஷி, எனக்கு இதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. உங்கள் மனைவிக்குத் தம்பி விஷயம் ஏதோ தெரிந்திருக்கலாம், சொல்லக்கூடாது என்று தம்பி வாக்கு வாங்கியிருக்கலாம். தெரியாமலே பயந்துகொண்டும் இருக்கலாம். எப்படியானாலும் மனைவியைச் சமாதானம் செய்ய என்னிடம் வழி கேட்காதீர்கள். தம்பியிடம் பேசிவிட்டு அப்புறம் வீட்டுக்காரியிடம் போங்கள்.

இன்று ராத்திரியே கூப்பிடுங்கள். டாலஸில் உங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். தூங்கியிருப்பார் என்ற சாக்கு செல்லாது. லீக் பேச்சை எடுக்காதீர்கள், அவர் எடுத்தாலும் தள்ளிவிடுங்கள். சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது, அம்மாவோடு பேசினாயா, இது போதும். ‘ஒன்றுமில்லை அத்தான்’ என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வருகிறது. அந்த நாலு நாளும் உங்கள் லீக்குக்கும் வேலை இருக்காது. நியூவார்க்கிலிருந்து டாலஸுக்கு விமானத்தில் நாலு மணி நேரம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

லீக் விஷயத்தில் மற்ற பத்துப் பேர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு அணி சும்மா கிடந்தால் அதோடு மோதுகிறவனுக்கெல்லாம் இலவச வெற்றி, மற்றவன் தலையில் கல். அந்த இலவசத்தை முதலில் வாங்கிக்கொண்டவர்களில் நீங்களும் ஒருவர். கமிஷனர் என்ற முறையில் எந்த அணியின் லைன்-அப்பையும் மாற்ற உங்களுக்கு வசதி இருக்குமே. உங்கள் மச்சினனிடம் கேட்டுக்கொண்டு, குழுவிலும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்த ஐ.எல். பிட்ச்சரை எடுத்துவிட்டு ஆடுகிறவர்களை உள்ளே போடுங்கள். உங்களோடு மோதுகிற வாரம் மட்டும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். வரும் திங்கள் நிலவரத்தில் அவர் அணியைப் பற்றி முடிவை மட்டும் போடுங்கள்.

நீக்குவது பற்றி செப்டம்பர் முடிந்ததும் அவரையே கேளுங்கள்.