அந்தமான் பார்க்க 25 வருட மெம்பர்ஷிப் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் சேலம் சிவதாபுரம். வீட்டிலேயே சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம், வியாபாரிகளிடம் வெள்ளி வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுக்கிறோம். நல்ல மாதத்தில் 55,000 வரை கையில் நிற்கும், வேலை குறைந்தால் 30,000 தான். வீட்டில் நான், வீட்டுக்காரர், மாமியார் (66 வயது), இந்த ஜூனில் ஒன்பதாவது போன மகள், நாலாவது படிக்கும் மகன். அந்தமான் போகலாம் என்று பிள்ளைகள் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் இலவச டின்னர் என்று கூப்பிட்டார்கள், போனோம். 25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப், வருடத்துக்கு 7 நாள், ஏற்காட்டிலும் ரூம் உண்டு அந்தமானிலும் உண்டு என்றார்கள். விலை 3,90,000. முன்பணம் 39,000, மீதிக்கு மாதம் 9,600 வீதம் 48 மாதம். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் 18,000 தனி. அன்றைக்கே 5,000 கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். முன்பணத்தில் மீதியைப் பத்து நாளில் கட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் இது வேண்டாம், 2 லட்சம் பெர்சனல் லோன் எடுத்துத் தீபாவளி லீவில் போய் வந்துவிடலாம் என்கிறார். கையில் 40,000 சேமிப்பு, வங்கியில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது. நகைச்சீட்டு மாதம் 5,000 போகிறது. எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் அந்தமானுக்குப் போங்கள், கட்டாயம் போங்கள். உங்கள் வருமானத்தில் கடன் இல்லாமலே முடியும், கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் அவசர வேலை ஒன்று இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். இந்த மாதிரி மெம்பர்ஷிப் ஒப்பந்தங்களில் இத்தனை நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று பெரும்பாலும் ஒரு ஷரத்து இருக்கும், அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பத்து நாளில் மீதியைக் கட்டுங்கள் என்று அவர்கள் சொல்வதும் அந்த ரத்து நாள் முடிவதும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால் இன்றைக்கே மெயில் அனுப்புங்கள், போனில் பேசினால் மட்டும் போதாது. மெம்பர்ஷிப் வேண்டாம், கட்டிய 5,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று இரண்டே வரி எழுதினால் போதும். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அன்று மாதத் தவணைக்காக வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலில் கையெழுத்து வாங்கினார்களா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாங்கியிருந்தால் வங்கிக் கிளைக்குப் போய் அதை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஒருவேளை அந்த 5,000 வராமலே போனாலும் அதற்காக மீதியைக் கட்டிவிடாதீர்கள். கட்டிய காசு வீணாகிவிடுமே என்று பயந்து முழுதும் கட்டி மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது அந்த மெம்பர்ஷிப்பின் உண்மையான விலையைப் பார்ப்போம். 9,600 வீதம் 48 மாதம் என்றால் 4,60,800. முன்பணம் 39,000 சேர்த்தால் 4,99,800. அதாவது 3,90,000 என்று சொன்ன பொருளுக்கு நீங்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் கொடுக்கிறீர்கள். அப்புறம் வருடக் கட்டணம். இன்று 18,000. இது அப்படியே நிற்காது, ஏறும். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 25 வருடத்தில் இந்தக் கட்டணம் மட்டும் 9,87,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நீங்கள் ஒரு வருடம் எங்குமே போகாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு இது. மொத்தம் 15 லட்சத்துக்குப் பக்கம் கொடுத்து வாங்குவது வெறும் அறை. விமான டிக்கெட் அதில் இல்லை, படகு இல்லை, வண்டி இல்லை, சாப்பாடும் பெரும்பாலும் இல்லை. தீவுப் பயணத்தில் பெரிய செலவே கடலைத் தாண்டுவதுதான், அறை வாடகை அதில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும்.

ஏற்காட்டிலும் ரூம் உண்டு என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். சிவதாபுரத்தில் இருப்பவர்களுக்கு ஏற்காட்டில் தங்க 25 வருட ஒப்பந்தம் எதற்குங்க? காலையில் டிபன் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போய், ஏரியில் படகு விட்டு, பகோடா பாயின்ட் பார்த்து, சேர்வராயன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். வருடத்தில் ஒரு நாள் மேலே தங்க ஆசைப்பட்டால் சீசன் இல்லாத வார நாளில் அறை எடுங்கள், ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணத்தில் பல முறை தங்கலாம்.

சரி, லோன். 2 லட்சம், 16 சதவீத வட்டி, 3 வருடம் என்று எடுத்துக்கொள்கிறேன், நிலையில்லாத வருமானம் உள்ள குடும்பத்துக்கு அதைவிடக் குறைவாகக் கிடைப்பது சிரமம். மாதத் தவணை 7,031 வரும். 36 மாதத்தில் 2,53,000 கட்டியிருப்பீர்கள், 53,000 ரூபாய் வட்டி. இந்த 7,031ஐ நினைவில் வையுங்கள். வட்டியை விட எனக்குப் பெரிய கவலை உங்கள் தொழில். வெள்ளி விலை ஏறினால் வியாபாரி ஆர்டரைக் குறைத்துவிடுவார், கூலி வேலைக்காரர் கையில் அப்போது ஒன்றும் இருக்காது. 30,000 வரும் மாதத்தில் பள்ளிச் செலவு, மாமியாரின் மருந்து எல்லாம் போக ஏழாயிரம் தவணை கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இதே காரணத்துக்காக அந்த 3 லட்சம் டெபாசிட்டையும் தொடாதீர்கள். பட்டறை மந்தமாகும் காலத்தில் வீடு ஓடுவதற்கான அரிசிப் பானை அது.

தீபாவளி லீவு என்பதையும் மாற்றுங்கள். முதலாவது, தீபாவளிக்கு முன்னால்தான் கொலுசு வேலை குவியும், அந்த நேரத்தில் நாலு நாள் வேலையை விட்டால்கூட நஷ்டம். இரண்டாவது, அக்டோபர், நவம்பரில் அங்கேயும் மழை, வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகிற காலம். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், மே மாதத்தில் மறுபடி பருவமழை பிடித்துக்கொள்ளும்.

என் யோசனை, மகள் பத்தாவது பொதுத்தேர்வு எழுதி முடிக்கும் ஏப்ரலில் போங்கள். இப்போதிலிருந்து 22 மாதம். அவ்வளவு நாளா என்று பிள்ளைகள் முகம் சுருங்கும், எனக்கும் அது புரிகிறது. ஆனால் இந்தப் பொங்கலுக்குள் காசு சேராது, அடுத்த பொங்கல் அவளுக்குப் பத்தாவது நடுவில் வரும். தேர்வு முடிந்த கையோடு போனால் அவளுக்கும் அது மனசில் நிற்கும்.

செலவுக்கு வருவோம். சேலத்திலிருந்து சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி ரயிலில் ஏசி வகுப்பில் ஐந்து பேர் போய் வர 7,500 வைக்கிறேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். இரண்டு வயது தாண்டினால் பிள்ளைக்கும் தனி சீட், அதனால் ஐந்து டிக்கெட், தலைக்குப் போக வர 12,000 என்றால் 60,000. சென்னையிலிருந்து அரசுக் கப்பலும் போகிறது, டிக்கெட் மலிவு, ஆனால் கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர் கடல், போக மட்டும் மூன்று நாள் ஆகும், மாமியாரை வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஐந்து இரவுக்கு இரண்டு அறை 35,000. ஹேவ்லாக், அதாவது சுவராஜ் தீவு, அப்புறம் நீல் தீவு, திரும்பப் போர்ட் பிளேர் என மூன்று தனியார் படகுப் பயணம் ஐந்து பேருக்கு 24,000, அரசுப் படகில் சீட் கிடைத்தால் இதில் நன்றாகவே குறையும். வண்டிக்கு 15,000. சாப்பாடு 21,000. கண்ணாடி அடிப் படகு, நுழைவுக் கட்டணம், ஸ்நார்கெலிங் எல்லாம் 10,000. கூட்டினால் 1,72,500. மேலே 15,000 எதிர்பாராத செலவுக்கு. ஆக 1,87,500. இது என் உத்தேசக் கணக்கு, ஏப்ரல் லீவு நெருங்க நெருங்க விமானக் கட்டணம்தான் முதலில் ஏறும்.

அந்த 15,000ஐ வீண் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். நாங்கள் குடும்பத்தோடு போனபோது ஏஜென்ட் நீல் தீவிலிருந்து திரும்பும் படகையும் சென்னை விமானத்தையும் ஒரே நாளில் போட்டுக் கொடுத்திருந்தார். காலையில் காற்று பலம், படகு ரத்து. விமானம் போய்விட்டது. மறுநாள் நாலு பேருக்குப் புது டிக்கெட் எடுத்த விலை இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும், யார் என்ன திட்டம் போட்டுக் கொடுத்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணம் சேர்க்கும் வழி. ஜூலையில் 18 மாத ஆர்டி ஒன்று, அதாவது மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் வங்கி டெபாசிட், மாதம் 7,000 வீதம் ஆரம்பியுங்கள். லோன் தவணையாகக் கட்ட நினைத்த அதே ஏழாயிரம்தான். 6.5 சதவீத வட்டி என்று வைத்தால் ஜனவரியில் சுமார் 1,32,500 வரும். கையில் இருக்கும் 40,000 சேர்த்தால் 1,72,500. ஜனவரியிலேயே விமான டிக்கெட்டும் அறையும் போட்டுவிடுங்கள், அப்போதுதான் விலை கட்டுப்படியாகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இன்னும் நாலு ஏழாயிரம், 28,000. மொத்தம் 2,00,500, விலை கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். லோன் எடுத்திருந்தால் இதே ஏழாயிரத்தை 36 மாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள், இங்கே 22 மாதத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது.

வேலை குறைந்த மாதத்தில் எப்படி என்று கேட்பீர்கள். நல்ல மாதத்தில் ஏழாயிரம் போக இன்னொரு மூவாயிரத்தைச் சேமிப்புக் கணக்கில் தள்ளி வையுங்கள், மந்தமான மாதத்து ஆர்டி அதிலிருந்து போகட்டும். நகைச்சீட்டை இப்போது பாதியில் உடைக்க வேண்டாம், முடிந்தாலும் அது நகையாகத்தான் வரும், பயணத்துக்குக் காசாக வராது. ஆனால் இந்தச் சீட்டு முடிந்ததும் அடுத்ததை உடனே ஆரம்பிக்காமல் ஏப்ரல் வரை பொறுங்கள். மகளுக்குத் தங்கம் சேர்க்க இன்னும் வருடம் இருக்கிறது.

பாலி, மாலத்தீவு என்று யாராவது பேக்கேஜ் நீட்டினால் இந்த முறை வேண்டாம். ஐந்து பேருக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், விமானச் செலவும் கூடும், வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அதைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்தமானுக்கு இது எதுவும் கிடையாது. தமிழ் பேசுகிறவர்களும் அங்கே நிறைய பேர், மாமியார் கடைக்காரரிடம் தானே பேசி விலை கேட்கலாம். அவருக்கு முழங்கால் வலி இருந்தால் அறையைத் தரைத்தளத்தில் கேட்டு வாங்குங்கள். பாராடாங் குகைக்கு விடியற்காலையில் கிளம்பி நாள் முழுக்க வண்டியில் உட்கார வேண்டும், அதை விட்டுவிடுங்கள், 5,000 ரூபாய்க்குப் பக்கம் மிச்சமும் ஆகும். ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் காசு தேவையில்லை. செல்லுலார் சிறைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1906இல் கட்டி முடித்தபோது அதற்கு ஏழு சிறகுகள், இன்று மூன்றுதான் நிற்கின்றன, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் படித்ததெல்லாம் அங்கே நேரில் வந்து நிற்கும். தீவுகளில் நெட் சில நேரம் விட்டு விட்டு வரும், அதனால் பத்தாயிரம் ரூபாயாவது நோட்டாகக் கையில் இருக்கட்டும்.

மகனுக்கு ஒன்று செய்யுங்கள். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள், பின்பக்கத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே கடலும் கலங்கரை விளக்கமும் தெரியும். அது அந்தமானின் நார்த் பே விளக்கம்தான். ஆர்டி ஆரம்பிக்கும் அன்று அதை அவன் கையில் கொடுத்து, இந்த இடத்துக்குத்தான் போகப் போகிறோம் என்று சொல்லுங்கள், ரத்துக் கடிதத்தை அதற்கு முன்னால் அனுப்பிவிட்டு.